பழங்குடிப் பெண்கள்: வேலையில் முன்னால், படிப்பில் பின்னால். ஏன் இப்படி?

சாமைக்கதிர்

வணக்கம். சேலம் பக்கத்து மலையொன்றில், பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் கணக்குப் பாடம் எடுக்கிறேன். பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் வரவில்லை. ஒரு வாரம் பார்த்துவிட்டு, சனிக்கிழமை அவள் ஊருக்கு நடந்தே போனேன். தார்ச்சாலை முடிகிற இடத்திலிருந்து ஒன்றரை மணி நேர நடை.

இடுப்பில் கைக்குழந்தைத் தம்பியோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அப்பா, அம்மா இரண்டு பேரும் குடகுக்குக் காப்பிப் பழம் பறிக்கப் போயிருக்கிறார்கள். திரும்பி வர மாசி ஆகிவிடும். நடுத்தம்பி எங்கள் பள்ளியில்தான் ஆறாவது படிக்கிறான். அவன் பள்ளி திறந்த அன்றைக்கே புதுப் பையோடு வந்துவிட்டான்.

ஏன் வரவில்லை என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்த் தண்ணீர் எடுத்து வந்தாள். திண்ணையில் அவளுடைய கணக்கு நோட்டு கிடந்தது. நான் சிவப்பு மையில் 'நன்று' போட்ட பக்கங்களைத் தாண்டி, கடைசிப் பக்கங்களில் வேறொரு கணக்கு. ஆடு எத்தனை, கடைக்காரருக்கு எவ்வளவு பாக்கி, ரேஷன் அரிசி எந்தத் தேதியில் வாங்கியது, அப்பா வாங்கிப் போன முன்பணம் எவ்வளவு, அதில் இதுவரை கழிந்தது எவ்வளவு. கோடு போட்டு, கூட்டி, சரிபார்த்து வைத்திருக்கிறாள். பதினான்கு வயதில் அந்த வீட்டை அவள்தான் நடத்திக்கொண்டிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை எடுத்துப் பார்த்தேன். இந்தியப் பெண்களில் வேலை செய்கிறவர்கள் 25.5 சதவீதம். பழங்குடிப் பெண்களில் 43.5 சதவீதம். பழங்குடி ஆண்களில் 53.9. அதாவது உழைப்பில் ஆணுக்கும் பெண்ணுக்கும் பத்துப் புள்ளிதான் இடைவெளி. எழுத்தறிவுக்கு வந்தால் பழங்குடி ஆண் 68.5, பெண் 49.4. தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் ஆண் 61.8, பெண் 46.8. தமிழ்நாட்டுப் பெண்கள் எல்லோரையும் சேர்த்தால் 73.4 என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மற்ற பெண்களைவிட அதிகமாக வேலைக்குப் போகிறவர்கள், எல்லோரையும்விடக் குறைவாகப் படித்திருக்கிறார்கள். இந்த இரண்டும் ஒன்றையொன்று தின்கிறதா? மலையில் வளர்ந்தவர்களும் மலையில் வேலை பார்த்தவர்களும் இங்கே இருப்பது தெரியும். சொல்லுங்கள்.

நெடுவழி

நல்ல பதிவு, டீச்சர். ஆனால் ஒரு விஷயத்தை யோசித்துப் பாருங்கள். பழங்குடிச் சமூகத்தில் பெண்ணுக்கு நம்மைவிட அதிக மரியாதை என்றுதான் நான் படித்ததும் கேட்டதும். வரதட்சணை கிடையாது. மாப்பிள்ளை வீடுதான் பெண் வீட்டுக்குப் பரிசம் கொடுக்கிறது. பிடிக்கவில்லை என்றால் விலகலாம், கணவன் இறந்தால் மறுமணம் செய்துகொள்ளலாம், யாரும் குறை சொல்வதில்லை. பள்ளிக்கூடம் என்கிற ஒரே அளவுகோலை வைத்துக்கொண்டு 'அவர்கள் பெண்களை ஒதுக்குகிறார்கள்' என்று சொல்வது சமவெளிக்காரர் பார்வை ஆகிவிடாதா?

ஜவ்வாது_மகள்

அண்ணா, நீங்கள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. நான் ஜவ்வாது மலையில் பிறந்தவள், மலையாளி என்கிற பழங்குடி; கேரளத்து மலையாளி அல்ல. என் சித்தி முதல் கணவனை விட்டுவிட்டு வந்து இரண்டாவது கல்யாணம் செய்துகொண்டவர். ஊரில் ஒருத்தர்கூட வாய் திறக்கவில்லை. கீழே என்னோடு கல்லூரியில் படித்த தோழிகளிடம் இதைச் சொன்னால் நம்பவே மாட்டார்கள். அந்த விஷயத்தில் எங்கள் மலையைப் பற்றி எனக்குப் பெருமைதான்.

மீதியையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பரிசம் சித்தி கைக்கு வரவில்லை. முதல் கல்யாணத்தில் தாத்தா வாங்கினார். சித்தி விலகியபோது அதைத் திருப்பித் தர வேண்டும் என்று ஊர்க் கூட்டத்தில் பேசினார்கள். புது மாப்பிள்ளைதான் பழைய மாப்பிள்ளைக்குக் கட்டினார். மூன்று ஆண்கள் உட்கார்ந்து சித்தியின் கணக்கைத் தீர்த்துக்கொண்டார்கள். சித்தி கொஞ்சம் தள்ளி, புளியமரத்தடியில் மற்ற பெண்களோடு நின்றுகொண்டிருந்தார். ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர் கூட்டத்தில் பெண்கள் நிற்கிற இடம் அதுதான். விலகிப் போகிற சுதந்திரம் எங்களுக்கு இருக்கிறது. உட்கார்ந்து பேசுகிற இடம் இல்லை.

பரிசம் கொடுத்துக் கூட்டி வருவதால் மருமகளை ஒரு உழைக்கிற ஆளாகத்தான் பார்க்கிறார்கள். நல்ல வேலைக்காரி என்றால் அது பெருமையான பேச்சு. பத்து வயதிலேயே களை எடுக்க, விறகு கட்ட, தண்ணீர் தூக்கத் தெரிந்த பெண்ணைத்தான் கெட்டிக்காரி என்பார்கள். வயதுக்கு வந்த இரண்டொரு வருடத்தில் கேட்டு வந்துவிடுவார்கள். இதில் பள்ளிக்கூடம் எங்கே நுழையும்?

என் கதையைக் கேளுங்கள். ஐந்தாவது வரை ஊரிலேயே பள்ளி. ஆறாவதுக்கு விடுதி. விடுதிக் கழிப்பறையில் தண்ணீர் வராது. விடிவதற்கு முன்னால் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஓடைக்குப் போவோம், பெரிய அக்காக்கள் டார்ச் பிடிப்பார்கள். சின்னப் பெண்களாக இருக்கும்போது அது விளையாட்டு மாதிரி இருந்தது. ஏழாவதில் எனக்குத் தூரம் வந்த பிறகு அந்த ஓடை நடை பயமாகிவிட்டது. மாதத்தில் நாலு நாள் காய்ச்சல் என்று சொல்லி ஊருக்கு வந்துவிடுவேன். ஊரில் அந்த நாட்களில் வீட்டுக்குள் விட மாட்டார்கள், தனிக்குடிசையில்தான் இருக்க வேண்டும். அதனால் காலாண்டுத் தேர்வில் இரண்டு பாடம் போச்சு. என்னோடு ஆறாவதில் சேர்ந்தவர்களில் பத்தாவது எழுதிய பெண் நான் மட்டும்தான். மற்றவர்கள் எனக்கு எந்த விதத்திலும் குறைந்தவர்கள் இல்லை. ஒருத்தி என்னைவிட நன்றாகப் படிப்பாள். இன்றைக்கு அவளுக்கு மூன்று குழந்தைகள், வருடத்தில் நாலு மாதம் காப்பித் தோட்டம்.

அப்புறம் சான்றிதழ். தமிழ்நாட்டில் மற்றவர்களுக்குச் சாதிச் சான்று வட்டாட்சியர் அலுவலகத்திலேயே முடிந்துவிடும், எங்களுக்குக் கோட்டாட்சியர் வரை போக வேண்டும். மலையிலிருந்து இறங்கி, ஒரு நாள் கூலியை விட்டு, பேருந்துக்குச் செலவழித்து, அதிகாரி இல்லை என்றால் மறுபடியும் ஏறி. என் அண்ணன்கள் இரண்டு பேருக்கும் அப்பா அலைந்து வாங்கிவிட்டார். எனக்கு அவர் வாங்கவே இல்லை. கேட்டால், 'கல்யாணம் ஆகிப் போகிற பிள்ளைக்கு எதுக்கு' என்றார். என் அப்பா கெட்டவர் இல்லை. என் மேல் உயிராக இருந்தவர். அவர் கையில் இருந்த நாட்களும் காசும் இரண்டு சான்றிதழுக்குத்தான் வந்தது. யாருடையதை விடலாம் என்று யோசிக்கக்கூட அவருக்குத் தேவைப்படவில்லை.

பழைய_வாத்தியார்

அம்மா, உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். நான் மலைப் பள்ளிகளில் 22 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அந்த டார்ச் வெளிச்சம் எனக்குத் தெரியும். அப்போது அதைப் பெரிய பிரச்சினையாக நான் எண்ணியதில்லை என்பதை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். இன்னும் எத்தனை விடுதிகளில் பெண் வார்டன் இரவு தங்குகிறார், எத்தனையில் குழாயில் தண்ணீர் வருகிறது என்று கேட்டால், படிப்பு ஏன் நிற்கிறது என்பதற்குப் பாதிப் பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

ஆனால் நிலைமை அப்படியே இருக்கிறது என்று யாரும் எண்ண வேண்டாம். உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2021-22இல் நாடு முழுவதும் கல்லூரிகளில் படித்த பழங்குடி மாணவர்கள் 27.1 லட்சம் பேர். அதில் பெண்கள் 13.46 லட்சம். கிட்டத்தட்ட சரிபாதி. இது என் காலத்தில் நினைத்துக்கூடப் பார்க்க முடியாத ஒன்று. ஜவ்வாது மலையைச் சேர்ந்த ஸ்ரீபதி 23 வயதில் உரிமையியல் நீதிபதித் தேர்வில் வென்றதை 2024 பிப்ரவரியில் எல்லோரும் படித்திருப்பீர்கள். குழந்தை பிறந்த சில நாட்களிலேயே சென்னைக்குப் பயணம் செய்து தேர்வு எழுதியவர். அதே வருடம் பச்சைமலைப் பக்கத்துப் பழங்குடியினர் பள்ளியில் படித்த பெண் திருச்சி என்.ஐ.டி.யில் பொறியியல் சேர்ந்தார். அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பெண்ணுக்குக் கல்லூரி முடிகிற வரை மாதம் 1000 ரூபாய் தருகிற புதுமைப் பெண் திட்டமும் 2022 செப்டம்பரிலிருந்து இருக்கிறது.

ஆக, மேல்நிலைப் பள்ளியைத் தொட்டுவிட்ட பெண் பெரும்பாலும் தாண்டிவிடுகிறாள். விழுவது அதற்கு முன்னால் இரண்டு இடங்களில். ஐந்தாவது முடிந்து ஊரைவிட்டு வெளியே போக வேண்டிய இடம் ஒன்று, எட்டாவது முடிந்த இடம் ஒன்று. கட்டாயக் கல்விச் சட்டம் 14 வயதோடு நின்றுவிடுகிறது. அதுவரை பள்ளிக்கு வராத பிள்ளையைத் தேடி யாராவது வருவார்கள். அதற்கு மேல் தேட வேண்டிய கடமை யாருக்கும் கிடையாது. ஆயிரம் ரூபாய் வருகிறது, சரி. அது கல்லூரிக்குப் போனவளுக்கு. ஒன்பதாவதில் இடுப்பில் தம்பியோடு நிற்கிறவளுக்கு என்ன இருக்கிறது?

சாமைக்கதிர் அவர்களுக்கு ஒரு வார்த்தை: தயவுசெய்து அந்தப் பெண் பெயரை வருகைப் பதிவேட்டிலிருந்து எடுத்துவிடாதீர்கள். டிசி கொடுத்துவிட்டால் திரும்பி வருகிற கதவு பாதி மூடின மாதிரி.

விதைக்கூடை

நான் கொல்லிமலைக்காரன். எல்லாம் பள்ளிக்கூடத்தைச் சுற்றியே பேசுகிறீர்கள். வேலையைப் பற்றியும் கொஞ்சம் பேசுவோம்.

என் பாட்டி காலத்தில் எங்கள் நிலத்தில் சாமை, தினை, கேழ்வரகு. விதையை எடுத்து வைப்பது பாட்டி. குதிரில் எவ்வளவு இருக்கிறது, அடுத்த அறுவடை வரை தாங்குமா, பக்கத்து வீட்டுக்குக் கடன் கொடுக்கலாமா, இதெல்லாம் பாட்டி சொல்வதுதான். தாத்தா ஒரு படி தானியத்தைக்கூட அவரைக் கேட்காமல் எடுக்க மாட்டார். அதற்காகப் பாட்டி கொடுத்த விலையும் பெரியது. சாமையை உரலில் போட்டு உமி நீக்குவது இடுப்பொடிகிற வேலை. ஒரு வேளைச் சோற்றுக்குப் பாதிப் பகல் போய்விடும்.

அப்புறம் மரவள்ளி வந்தது. ஜவ்வரிசி ஆலைக்கு லாரியில் போகிற கிழங்கு. வீட்டில் சேமிக்க ஒன்றும் இல்லை. விதைக் குச்சியை வெட்டி நட்டால் போதும். நடுவதும் களை எடுப்பதும் பிடுங்குவதும் பெண்கள்தான், அதில் மாற்றமே இல்லை. ஆனால் லாரிக்காரரிடம் விலை பேசுவது அப்பா, காசு எண்ணி வாங்குவது அப்பா. அம்மா வேலை குறையவில்லை, அம்மா சொல்கிற சொல்லுக்கு இருந்த எடை மட்டும் குறைந்துவிட்டது. பழைய காலம் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. உரல் போனதில் என் அம்மாவுக்கு நிம்மதிதான். ஆனால் மலைச் சமூகம் இயல்பாகவே பெண்ணை ஒதுக்கும் என்று சொல்கிறவர்களும், இயல்பாகவே சமமானது என்று சொல்கிறவர்களும் இந்த லாரியைக் கணக்கில் எடுப்பதில்லை.

சூளைக்கணக்கு

மலையை விட்டுக் கொஞ்சம் கீழே இறங்கி வாருங்கள். வட மாவட்டங்களில் இருளர் குடும்பங்களோடு பல வருடமாக இருக்கிறேன். செங்கல் சூளை, அரிசி ஆலை, மரம் வெட்டுகிற இடம் எல்லாம் பார்த்தாகிவிட்டது.

செங்கல் சூளையில் ஆளுக்குக் கூலி கிடையாது. ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு. ஒரு ஆள் தனியாக ஆயிரம் கல் அறுக்க முடியாது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து, கணவன் மண்ணைக் குழைத்தால் மனைவி சுமந்து கொண்டு வர வேண்டும், ஒருவர் அறுத்தால் ஒருவர் புரட்டிப் போட வேண்டும், பிள்ளைகள் காய்ந்த கல்லை அடுக்க வேண்டும். அதனால் மேஸ்திரி ஆள் எடுக்கும்போதே ஜோடியாகத்தான் எடுப்பார். முன்பணம் குடும்பத்துக்கு. ஆனால் மேஸ்திரியின் நோட்டில் பெயர் ஆணுடையது மட்டும்.

ஒரு தடவை அப்படி ஒரு நோட்டை நேரில் பார்த்தேன். நாற்பது பக்கம். ஒவ்வொரு பக்கத்துக்கும் மேலே ஒரு ஆணின் பெயர், கீழே வாரக் கணக்கு. நோட்டில் ஒரு பெண்ணின் பெயர்கூட இல்லை. ஒரே ஒரு பக்கத்தில் மட்டும் 'சம்சாரம் பிரசவம், 12 நாள் இல்லை' என்று எழுதி, அந்த வாரத்துக் கல் குறைந்ததைக் காட்டியிருந்தார்கள். அந்தப் பெண் வேலை செய்கிறாள் என்பதற்கு அந்த நோட்டில் இருந்த ஒரே சாட்சி, அவள் வேலைக்கு வராத அந்த 12 நாள்தான்.

இது வெறும் மரியாதைப் பிரச்சினை என்று எண்ண வேண்டாம். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இலிருந்து இருக்கிறது. மீட்கப்பட்டவர்களுக்கான 2016 மறுவாழ்வுத் திட்டத்தில் ஆணுக்கு 1 லட்சம், பெண்ணுக்கும் குழந்தைக்கும் 2 லட்சம், பாலியல் சுரண்டல் போன்ற மிக மோசமான நிலையில் இருந்தவர்களுக்கு 3 லட்சம் என்று வைத்திருக்கிறார்கள். பெண் படுகிற கஷ்டம் அதிகம் என்று அரசே ஒத்துக்கொண்ட திட்டம். ஆனால் விசாரணைக்கு வருகிற அதிகாரி 'யார் முன்பணம் வாங்கினது?' என்று கேட்டால் கணவர்தான் கை தூக்குவார். மனைவி 'அவர்கூட இருந்தேன்' என்பாள். அவள் வாயிலேயே 'நானும் வேலை செய்தேன்' என்ற சொல் வராது, ஏனென்றால் யாரும் அவளிடம் அப்படிக் கேட்டதே இல்லை. மீட்புக்கு முன்னாலேயே உட்கார்ந்து பேசி, 'மண் சுமந்தது யாரு? கல்லைப் புரட்டினது யாரு?' என்று கேட்டுக் கேட்டுத்தான் அவள் பெயரையும் விடுதலைச் சான்றில் கொண்டுவர முடிகிறது.

பிள்ளைகள் பற்றி ஒரு வரி. சூளை ஓடுவது தை முதல் ஆனி வரை. ஆண்டுத் தேர்வு அதற்குள் வருகிறது. பையனைச் சில குடும்பங்கள் பாட்டியிடம் விட்டுவிட்டு வரும். பெண்ணை விட மாட்டார்கள். சூளையில் கைக்குழந்தையைப் பார்க்க ஆள் வேண்டும்.

நெடுவழி

நான்கு பதிவுகளையும் படித்த பிறகு, நான் முதலில் எழுதியது அரைகுறை என்று புரிகிறது. ஜவ்வாது_மகள், மன்னியுங்கள். பரிசம் யார் கைக்குப் போகிறது என்று நான் கேட்டுப் பார்த்ததே இல்லை.

ஒரு சந்தேகம். வேலை இவர்களுடையது, பெயர் ஆணுடையது என்று எல்லோரும் சொல்கிறீர்கள். நிலம் எப்படி? சொத்தில் பங்கு உண்டா? வடகிழக்கில் தாய்வழிச் சொத்து என்று கேட்டிருக்கிறேனே?

கருப்பங்கி

வழக்கறிஞர் என்ற முறையில் இதற்கு நான் பதில் சொல்கிறேன். மேகாலயாவின் காசி, காரோ பழங்குடிச் சமூகங்களில் தாய்வழி உண்டு. காசிகளில் வீடு கடைசி மகளுக்கு. ஆனால் அதே காசிகளின் மரபான ஊர் மன்றத்தில் பெண்களுக்கு இடம் இருந்ததில்லை. சொத்தும் சொல்லும் எப்போதும் சேர்ந்து வருவதில்லை.

நம் பக்கம் வருவோம். இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956. அதன் பிரிவு 2(2), மத்திய அரசு தனியாக அறிவிக்கை வெளியிட்டால் ஒழிய இந்தச் சட்டம் பழங்குடியினருக்குப் பொருந்தாது என்கிறது. 1989இல் தமிழ்நாடும் 2005இல் நாடாளுமன்றமும் மகளுக்குச் சம பங்கு கொடுத்தபோது, அது பழங்குடி மகளுக்கு வந்து சேரவில்லை. அவள் வழக்கத்தைத்தான் நம்ப வேண்டும். வழக்கம் என்ன என்று சொல்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பழங்குடி வழக்கங்களைப் பாதுகாக்க வேண்டும் என்ற நல்ல நோக்கத்தில் வைத்த பிரிவு அது. ஆனால் அதன் சுமையைப் பெண்களே தாங்குகிறார்கள் என்பது என் கருத்து. 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், அரசியலமைப்பு வந்து இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் பழங்குடி மகளுக்குப் பங்கு இல்லை என்பது சரியில்லை, சட்டத்தைத் திருத்துவது பற்றிப் பாருங்கள் என்று மத்திய அரசிடம் சொன்னது. 2025 ஜூலையில் சத்தீஸ்கரைச் சேர்ந்த ஒரு கோண்டு குடும்பத்தின் வழக்கில் ஒரு படி மேலே போனது. பெண்ணுக்குப் பங்கு உண்டு என்ற வழக்கத்தை அவள்தான் நிரூபிக்க வேண்டும் என்பதில்லை, பங்கு கிடையாது என்று தடுக்கிற வழக்கம் இருந்ததாகக் காட்ட முடியாதபோது சமத்துவமே அடிப்படை என்று சொல்லி, அந்தப் பெண்ணின் வாரிசுகளுக்குச் சம பங்கு கொடுத்தது. பெரிய தீர்ப்பு.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. வன உரிமைச் சட்டம், 2006, பிரிவு 4(4). திருமணமானவர்களுக்கு உரிமைப் பட்டா கொடுக்கும்போது கணவன் மனைவி இருவர் பெயரிலும் கூட்டாகத்தான் கொடுக்க வேண்டும். ஒற்றை ஆளின் குடும்பம் என்றால் அந்த ஒருவர் பெயரில், அது பெண்ணாக இருந்தாலும். வன உரிமைக் குழுவில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். உங்கள் ஊரில் பட்டா வந்திருந்தால் எடுத்துப் பாருங்கள். மனைவி பெயர் இருக்கிறதா, அல்லது 'க/பெ' என்று ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா? இல்லை என்றால் திருத்தக் கேட்கலாம், அது உரிமை. லேம்ப்ஸ் என்கிற பழங்குடியினர் பல்நோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினர் ஆவது, கடன், மானியம், இழப்பீடு எல்லாம் அந்தத் தாளில் உள்ள பெயரைத் தொடர்ந்துதான் போகும்.

நீலமலை

நீலகிரியிலிருந்து சின்னக் குறிப்பு. தோடர் சமூகத்தில் எருமை கறப்பதும் பால் கோயிலும் ஆண்களுடைய வேலை, பெண்கள் அந்தப் பக்கமே போகக் கூடாது. பெண்கள் கையில் இருந்தது பூத்தையல். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக, வரைபடம் எதுவும் இல்லாமல் இழை எண்ணி எண்ணிப் போடுவார்கள். 2013இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இன்றைக்கு எருமைகள் குறைந்துபோன மந்துகளில், அதாவது தோடர் குடியிருப்புகளில், வீட்டுச் செலவைத் தாங்குவதில் அந்த ஊசிக்குப் பெரிய பங்கு. ஆனால் கூடலூர் பக்கம் பணியர் பெண்களுக்கு அப்படி ஒரு பிடிமானம் கிடையாது. நிலம் இல்லை, தனிக் கைத்தொழில் இல்லை, அடுத்தவர் தோட்டத்தில் தினக்கூலி. 'பழங்குடிப் பெண்' என்று எல்லோரையும் ஒன்றாகப் பேசுவதில் இந்த வித்தியாசம் மறைந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் பட்டியலில் இருப்பவை 37 சமூகங்கள்.

விதைக்கூடை

ஒன்று கேட்கலாமா? எங்கள் பையன்களும் படிப்பை விடுகிறார்கள். பத்தாவது தோற்றதும் திருப்பூர், கேரளா என்று போய்விடுகிறார்கள். பெண்களையே பேசிக்கொண்டிருந்தால் அவர்களை யார் பேசுவது?

ஜவ்வாது_மகள்

பேச வேண்டும் அண்ணா. 2015 ஏப்ரல் 7ஆம் தேதி ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரில் பலர் எங்கள் மலைக்காரர்கள். செம்மரம் வெட்டக் கூலிக்குப் போனவர்கள். படிப்பு இருந்து, வேறு வேலை இருந்திருந்தால் அந்த லாரியில் ஏறியிருக்க மாட்டார்கள். அந்த வலியை எங்களைவிட யார் அறிவார்?

ஆனால் கவனியுங்கள். பையன் படிப்பை விட்டால் வேலைக்குப் போகிறான், கையில் காசு வருகிறது, ஒரு போன் வாங்குகிறான், திரும்பி வந்து ஓப்பன் ஸ்கூலில் எழுதுகிறேன் என்றாலும் வழி இருக்கிறது. பெண் படிப்பை விட்டால் வீட்டு வேலைக்குப் போகிறாள். அதற்குக் கூலியும் கிடையாது, முடிவும் கிடையாது. ஒரு வீட்டில் ஆண் இறந்தாலோ ஓடிப்போனாலோ ஜெயிலுக்குப் போனாலோ, முதலில் நிற்பது மூத்த பெண்ணின் படிப்புதான். இரண்டாவது மகனின் படிப்பு நிற்பதற்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கும்.

அதோடு, படித்து முடித்தவளின் நிலைமையும் நான் பார்த்தது. பன்னிரண்டாவது முடித்த என் தங்கை முறைப் பெண், சமவெளியில் ஒரு நூற்பாலை விடுதியில் தங்கி வேலை பார்த்தாள். மூன்று வருடம் முடிந்தால் கல்யாணத்துக்கு மொத்தத் தொகை என்று பேச்சு. வெளியே விட மாட்டார்கள், போன் கிடையாது. உடம்புக்கு முடியாமல் இரண்டே கால் வருடத்தில் திரும்பினாள், மொத்தத் தொகை வரவில்லை. அவள் மலைக்குத் திரும்பி வந்ததைப் பார்த்து, பக்கத்து வீட்டில் இருந்த ஒன்பதாவது படிக்கிற பெண்ணின் அம்மா என்னிடம் சொன்னது: 'பன்னிரண்டு படிச்சும் இதானா பாப்பா?' அவருக்கு நான் என்ன பதில் சொல்ல? படிப்புக்குப் பின்னால் மலையிலேயே ஒரு வேலை தெரிய வேண்டும். செவிலியராக, அங்கன்வாடிப் பணியாளராக, ஆசிரியராக எங்கள் மொழி பேசுகிற எங்கள் பெண்ணே வந்து உட்கார்ந்தால், அதைவிடப் பெரிய விளம்பரம் பள்ளிக்கூடத்துக்கு வேண்டாம். மாநிலத்தில் பழங்குடிக்கு இடஒதுக்கீடு ஒரு சதவீதம். அந்த ஒன்றிலும் போட்டி போட முதலில் கையில் சான்றிதழ் வேண்டும்.

பழைய_வாத்தியார்

அங்கன்வாடி என்று சொன்னீர்களே, அதில்தான் இந்த இழையின் முதல் கேள்விக்கும் வழி இருக்கிறது. அந்தப் பெண்ணின் கைக்குழந்தைத் தம்பியைப் பகலில் பார்த்துக்கொள்ள அந்த ஊரில் யாராவது இருந்தால் அவள் பள்ளிக்கு வருவாள். 2025 வரை இருந்த தோட்டத் தொழிலாளர் சட்டம், 1951 பெரிய தோட்டங்களில் குழந்தைக் காப்பகம் வைக்கச் சொன்னது. பறிப்புக் காலத்துக்கு மட்டும் போகிற வெளியூர்க் கூலிகளுக்கு அது கிடைப்பதை நான் பார்த்ததில்லை. அதனால்தான் குழந்தையை விட்டுவிட்டுப் போகிறார்கள். இவள் வீட்டிலேயே காப்பகம் ஆகிவிட்டாள்.

சாமைக்கதிர்

எல்லோருக்கும் நன்றி. இடையில் எழுத முடியவில்லை, மறுபடியும் இரண்டு தடவை மேலே போய் வந்தேன்.

பெயரை எடுக்கவில்லை. அந்த ஊரில் அங்கன்வாடி இல்லை, பக்கத்துக் குக்கிராமத்தில் இருக்கிறது. அங்கே உதவியாளர் நல்ல மனுஷி. 'பொழுது சாயிற வரைக்கும் நான் பார்த்துக்கிறேன், ராத்திரிக்கு யாரு?' என்று கேட்டார். அவளுடைய அத்தை ஒருவர் ராத்திரிக்கு ஒத்துக்கொண்டிருக்கிறார், பறிப்பு முடிகிற வரைக்கும். இப்போதைக்கு அவள் விடுதியில் இல்லாமல், காலையில் நடந்து வந்து மாலையில் திரும்பிப் போகிறாள். அவ்வளவு தூரம் அவளைத் தனியாக நடக்கவிட எனக்கு மனம் இல்லை. மேல் ஊரிலிருந்து வருகிற மூன்று பையன்களோடு சேர்ந்து வரச் சொல்லியிருக்கிறேன். வாரத்தில் நான்கு நாள் வருகிறாள். இதைத் தீர்வு என்று சொல்ல மாட்டேன்.

அவளுடைய அம்மாவிடம் போனில் பேசினேன். ஜவ்வாது_மகள் எழுதியதை மனதில் வைத்து, 'பிள்ளைக்குச் சாதிச் சான்று வாங்கியாச்சா' என்று கேட்டேன். பையனுக்கு வாங்கியிருக்கிறார்களாம். பெண்ணுக்கு இல்லை. கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் அவரே கேட்டார்: 'டீச்சர், தோட்டத்துல என் கூலியையும் அவர் பேர்லயே எழுதுறாங்க. அதைப் பிரிச்சு எழுதச் சொல்லலாமா?'

கேட்கலாம், உங்கள் உரிமை என்று சொன்னேன். தோட்டத்துக்காரர் என்ன சொல்வார் என்று எனக்குப் பயமாகவும் இருந்தது.

சான்றிதழுக்கு நானே அலைகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். என்னென்ன தாள் வேண்டும், யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள்.

கருப்பங்கி

இ-சேவை மையத்தில் பதியலாம். தம்பிக்குச் சான்று இருப்பது பெரிய பலம், அதன் நகலை முதலில் வையுங்கள். அப்பாவுடையது இருந்தால் அதுவும். குடும்ப அட்டை, ஆதார், பள்ளியிலிருந்து படிப்புச் சான்று. கூடப் பிறந்தவனுக்குக் கொடுத்துவிட்டு இவளுக்கு மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். விண்ணப்ப எண்ணை எனக்குத் தனிச் செய்தியில் அனுப்புங்கள். தாமதமானால் மனு எழுதித் தருகிறேன்.

ஜவ்வாது_மகள்

டீச்சர், கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள். எனக்கு வாங்கினபோது நான் போகவில்லை, பதினேழு வயதில் மாமா போய் வாங்கி வந்தார். விண்ணப்பத்தை அவள் கையாலேயே நிரப்பட்டும். கோடு போட்டுக் கணக்கு எழுதுகிறவள் என்று சொன்னீர்களே.